மேருவுக்குப் போன புழுக்கை மூட்டைகள்

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். லோரி ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை இது. பேனா பிடித்தால் எழுத்தெல்லாம் மேடு பள்ளத்தில் போகிற வண்டி மாதிரி குலுங்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்தியவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் சந்தேகம்தான். இதைத் தட்டெழுதப் போகிற என் மகள் பிழைகளைத் திருத்திவிடுவாள். பிழையை மட்டும் திருத்து, நடந்ததைத் திருத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவளால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்புகிற அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து டிப்ளமோ வகுப்புக்கும் போகிறாள். காசு வாங்காமல், பொருளுக்குப் பதில் பொருள் வாங்கிக்கொண்டு சரக்கு ஏற்றுகிறவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்களாம். "அப்பா, நீங்க செய்றதுதான் அது," என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். பிறகு ஒரு படம் வரைந்து காட்டினாள். மூன்று கட்டம், நடுவில் ஒரு லோரி, சுற்றிலும் அம்புக்குறிகள். படம் அழகாக இருந்தது. நல்ல மதிப்பெண்ணும் வந்தது.

ஆனால் அந்தப் படத்தில் எல்லா அம்புக்குறியும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. உண்மையில் ஒரு அம்புக்குறி ஏழு மாதமாக ஒரு சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தது. அதை நான் மகளிடம் சொல்லவில்லை. வெட்கம். இங்கே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு சின்ன லோரி. நாங்கள் இருப்பது துறைமுகத்துப் பக்கம் பண்டமாரானில். பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி ஏற்றி, கோலாலம்பூரில் பல கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவதுதான் என் வேலை. அதற்குக் கூலி உண்டு. குடும்பம் அதில் நடக்கிறது. அட்டைப்பெட்டியை மடித்து ஏற்றுவதால் லோரியில் பாதி இடம்தான் போகும். மேலே பாதி சும்மா இருக்கும். திரும்பி வரும்போது முழுக்கவே சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற இடத்தை வைத்துத்தான் இந்தக் கதை.

எனக்கு விலை பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. யாராவது, "அண்ணே, இதை அங்க போட்டுடுங்க, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால், "பரவால்ல, போற வழிதான்," என்று சொல்லிவிடுவேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். "உங்க வாயில அந்த ஒரு வார்த்தைதான் ஓசியா வருது," என்பாள். நல்ல மனிதர்கள் சும்மா விடமாட்டார்கள். கையில் எதையாவது திணிப்பார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பொட்டலம் சோறு. அப்படித்தான் எனக்கு இந்தத் தொழில் வந்தது. திட்டம் போட்டு வந்ததில்லை.

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அதை நடத்துகிற அக்காவுக்கு என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். பெட்டி இறக்குகிற கடைக்குப் பக்கத்துக் கடை அவருடையது. வெளியே நடக்க முடியாமல் எல்லாரும் வீட்டில் கிடந்த அந்தக் காலம் முடிந்து, கடைகள் திறந்தபோது, அக்காவுக்கு வழக்கமாக இலை போட்டவர் தொழிலையே விட்டுவிட்டார். இலை எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். எங்கள் பக்கம் பாலம் தாண்டினால் வருகிற கேரி தீவில் எனக்கு ஒருவரைத் தெரியும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டை ஒட்டிய நிலத்தில் வாழை வைத்திருந்தார், பத்துப் பன்னிரண்டு ஆடும் வைத்திருந்தார். அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் இலை வெட்டுவார், நான் ஏற்றுவேன், அக்கா வாங்குவார் என்று ஆனது. இலைக்கான காசை அக்கா அவருக்கு நேராகவே அனுப்பிவிடுவார். அதில் நான் இல்லை. எனக்கு ஏற்றுகூலி என்ன என்று அக்கா கேட்டபோது வழக்கம்போல, "போற வழிதான்க்கா," என்றேன். கேரி தீவு போகிற வழியே இல்லை. அக்காவுக்கும் அது தெரியும். அன்றைக்கு நாலு பேர் சாப்பிடுகிற அளவுக்குச் சோறும் குழம்பும் கட்டிக் கொடுத்தார். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் உலை வைப்பது அதோடு நின்றது.

கடையில் மிஞ்சுகிற முட்டைக்கோஸ் மேலிலை, கேரட் தோல், நைந்த தக்காளி, கீரைத் தண்டு எல்லாவற்றையும் அக்கா குப்பையில் கொட்டுவதைப் பார்த்து, ஆட்டுக்கு ஆகுமே என்று மூட்டை கட்டி எடுத்துப் போனேன். கேரி தீவு அண்ணனுக்குச் சந்தோஷம். பதிலுக்கு அவர் எனக்கு இரண்டு மூட்டை ஆட்டுப் புழுக்கை கொடுத்தார்.

எங்கள் வீடு வரிசை வீடு. வாசலில் ஒரு துளசித் தொட்டி வைக்கத்தான் இடம். இரண்டு மூட்டைப் புழுக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "ரொம்ப நன்றிண்ணே," என்று ஏற்றிக்கொண்டேன். மறுநாள் மேருவில் லோரிக்கு எண்ணெய் மாற்றப் போனேன். அந்தப் பட்டறையின் முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, சீனர். தோட்டத்துப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், வளர்ந்தவர்; நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அவர் மனைவி பட்டறைக்குப் பின்னால் காகிதப்பூவும் ரோஜாவும் தொட்டி தொட்டியாக வளர்த்துக்கொண்டிருந்தார். வாசனை பிடித்து வெளியே வந்தவர், மூட்டையைப் பிரித்துப் பார்த்து, நகைக்கடையில் நிற்கிற மாதிரி முகம் மலர்ந்துவிட்டார். இரண்டு மூட்டையும் பின்பக்கம் போய்விட்டது. எண்ணெய் மாற்றியதற்கு அன்றைக்குத் தவுக்கே காசு வாங்கவில்லை. "வாரா வாரம் கொண்டா லா. உன் லோரிய நான் பாத்துக்கறேன்," என்றார்.

இவ்வளவுதான் அந்த வட்டம். தீவிலிருந்து இலை பிரிக்பீல்ட்ஸ் போகும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து காய்த்தோல் தீவுக்கு வரும். தீவிலிருந்து புழுக்கை சனிக்கிழமை சனிக்கிழமை மேருவுக்குப் போகும். மேருவில் லோரி ஓடுகிற நிலையில் இருக்கும், அதனால் மறுபடி இலை போகும். அண்ணன், அக்கா, தவுக்கே மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. மூன்று பேரையும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அந்த ஒருத்தனுக்குத்தான் பேச வராது.

போன வருடம் ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா ஒரு இலையை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"தம்பி, இது என்ன?"

"இலைக்கா."

"இலையா? நான் புத்தகத்துக்குள்ள அடையாளம் வைக்கிறதோன்னு நெனச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னது நியாயம். இலை வாரத்துக்கு வாரம் குறுகிக்கொண்டே போயிருந்தது. சோறு போட்டு, கூட்டு பொரியல் வைத்துச் சாம்பார் ஊற்றினால் அது இலையில் நிற்காமல் மேசைக்கு ஓடுகிறது. மேசையிலிருந்து வாடிக்கையாளர் மடிக்கு ஓடுகிறது. அதற்கு முதல் நாள்தான் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு எழுந்து நின்று சத்தம் போட்டாராம்.

"அந்த அண்ணன்கிட்ட சொல்லிருங்க. செப்டம்பர்ல புரட்டாசி பொறக்குது. ஒரு மாசம் கடையில நிக்க எடம் இருக்காது. அதுக்குள்ள இலை சரியாகலன்னா நான் பாசார் போரோங் மொத்தச் சந்தையில எடுத்துக்கறேன். அவங்க கதவுக்கே கொண்டாந்து போடறாங்க. எனக்கு உங்களையும் விட மனசில்ல, அவரையும் விட மனசில்ல. ஆனா சாம்பார மேசையில ஊத்தி வியாபாரம் பண்ண முடியாது."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு பெடரல் நெடுஞ்சாலையில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்கா இலையை நிறுத்தினால் அண்ணனுக்குப் பென்ஷன் மாதிரி வந்துகொண்டிருந்த வருமானம் நிற்கும். அந்த வயதில் அவர் யாரிடம் போய்ப் புது ஆள் பிடிப்பார்? காய்த்தோல் நிற்கும், ஆட்டுத் தீவனம் நிற்கும், புழுக்கை நிற்கும், என் லோரியைத் தவுக்கே பார்ப்பதும் நிற்கும். ஒரு இலை குறுகினால் இவ்வளவும் குறுகும்.

அன்று மாலை தீவில் மூட்டையை இறக்கும்போது அண்ணன் வழக்கம்போல், "இலை எப்படி? அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

பாலம் ஏறியதிலிருந்து நான் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் வாயில் இருந்தது. வெளியே வந்தது வேறு. "நல்லாருக்குன்னாங்கண்ணே," என்றேன்.

இதுதான் நான் செய்த தப்பு. ஒரு தடவையோடு நிற்கவில்லை. செவ்வாய் கேட்டார், வெள்ளி கேட்டார், நல்லாருக்கு நல்லாருக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவரே, "மரம் இளைச்சுப் போச்சு தம்பி. மண்ணு அலுத்துப் போச்சோ என்னமோ," என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வழியில் லோரியை நிறுத்தி, கட்டைப் பிரித்து, அகலமான இலைகளை மேலே வைத்து, குறுகலானதை உள்ளே வைத்துக் கட்டினேன். அக்கா பிரித்துப் பார்த்துவிட்டு, "வெளிய மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, உள்ள பொண்ணு வீட்டுக்காரங்களா?" என்று கேட்டார். கடையில் வேலை செய்கிற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். என் காது சுட்டது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கிளட்ச் சரியில்லை என்று மேருவில் வெகுநேரம் நிற்க வேண்டியதாயிற்று. வழக்கமாக மூட்டைகளைத் தவுக்கேயே பின்பக்கம் தூக்கிப் போவார், நான் அங்கே போய் ஒரு வருடமாவது இருக்கும். அன்று மழை கொட்டியது. கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. அது பின்பக்கம். கூரைக்கு அடியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அங்கே பூத்தொட்டி ஒன்றுகூட இல்லை. தொட்டிகள் இருந்த இடத்தில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. என் மார்பு உயரத்துக்கு, சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும். எல்லாம் சிவப்புக் கயிறு போட்டுக் கட்டிய மூட்டைகள். அந்த முடிச்சு என் முடிச்சு. அடியில் கிடந்த மூட்டைகளில் சாக்கு இற்றுப்போய், அதற்குள்ளிருந்து தக்காளிச் செடிகள் முளைத்து வெளியே எட்டிப் பார்த்தன. பிரிக்பீல்ட்ஸ் தக்காளி விதை ஆட்டு வயிற்றைக் கடந்து மேரு வரைக்கும் வந்து பிழைத்திருக்கிறது. இலைகள் பச்சைப் பசேலென்று என் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தன.

தவுக்கே கையில் துணியோடு பின்னால் வந்து நின்றார். திருட்டுப் பொருளோடு பிடிபட்ட மாதிரி முகம்.

"தவுக்கே, உங்க வீட்டுக்காரம்மா எங்க? பூவெல்லாம் எங்க?"

"ஈப்போ போயிட்டா. ஜனவரியில சீனப் பெருநாளுக்கு மகள் வீட்டுக்குப் போனா, பேரப்பிள்ளை பொறந்துச்சு, அங்கயே இருக்கா. தொட்டியெல்லாம் அக்கம்பக்கம் குடுத்துட்டேன். எனக்குத் தண்ணி ஊத்தத் தெரியாது."

"அப்ப இந்த மூட்டை?"

"நீ கொண்டு வந்தே."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

அவர் துணியால் கையைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் துடைத்தார். "வேணாம்னு சொன்னா நீ காசு எடுத்து நீட்டுவே. காசு நீட்டுற ஆளு எண்ணெய் மாத்த ரெண்டு மாசம் தள்ளிப் போடுவான். அப்புறம் ப்ரேக்கத் தள்ளிப் போடுவான். உன் லோரி பழசு. நான் பாத்துக்கறேன்னு சொன்னேன், பாத்துக்கறேன். நீ பேசாம மூட்டைய எறக்கிட்டுப் போ லா."

மூட்டைகளை எண்ணிப் பார்த்தேன். ஏழு மாதம். அறுபது மூட்டைக்குக் குறையாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஏதோ கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போயிருக்கிறேன். அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத் தூக்கிப் போய்ச் சுவரோரம் அடுக்கியிருக்கிறார்.

காசில் ஒரு வசதி உண்டு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. நமக்கு வேண்டாத காசு என்று ஒன்று கிடையாது. வாங்கிக்கொண்டு வேறு எதற்காவது கொடுத்துவிடலாம். பொருள் அப்படியில்லை. இன்றைக்கு வேண்டியது நாளைக்கு வேண்டாமல் போகும். போகும்போது அது வாய்விட்டுச் சொல்லாது. கொடுக்கிறவன் கேட்க வேண்டும், வாங்குகிறவன் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் இரண்டையும் செய்யவில்லை.

மழை விடுகிற வரைக்கும் அங்கேயே நின்று அந்தத் தக்காளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணே இல்லாமல், வெறும் புழுக்கையில் இப்படித் தழைத்திருக்கிறது. மரம் இளைச்சுப் போச்சு என்று அண்ணன் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. அவருடைய ஆடுகள் போடுகிற புழுக்கையே வாரத்துக்கு இரண்டு மூட்டைதான். அது முழுவதையும் நான் மேருவுக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். அவருடைய வாழை சாப்பிட வேண்டியது இங்கே சுவரில் சாய்ந்துகொண்டிருக்கிறது.

"தவுக்கே, இதை நான் திருப்பி எடுத்துக்கவா?"

"எல்லாத்தையும் எடு," என்றார். "பெரிய புண்ணியமா போகும். பக்கத்துப் பட்டறைக்காரன் என்னைக் கண்டாலே மூக்கப் பொத்தறான்."

மறுநாள் இரண்டு நடையில் ஏற்றினேன். முதல் நடை தீவில் போய் நின்றபோது அண்ணன் லோரியைச் சுற்றி வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்ன தம்பி, பொண்ணு புடிக்கலன்னு சீரெல்லாம் திருப்பிக் கொண்டு வர்ற மாதிரி இருக்கு?"

அன்றைக்கு எப்படியோ வாய் திறந்துவிட்டது. திறந்தது திறந்துவிட்டதே என்று எல்லாவற்றையும் சொன்னேன். தவுக்கேயின் மனைவி ஈப்போ போனது, மூட்டை அடுக்கியிருந்தது, அக்கா இலையைப் பற்றிச் சொன்னது, புரட்டாசிக் கெடு, நான் கட்டைப் பிரித்து மாற்றிக் கட்டியது. சொல்லச் சொல்ல அவர் ஒரு மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்தார். கறுத்து, உதிர்ந்து, தேயிலைத் தூள் மாதிரி இருந்தது.

"நல்லா மக்கிருச்சு. இப்படி மக்க வைக்க எனக்குப் பொறுமையில்ல," என்றார். பிறகு, "ஏன்டா, உனக்கு வேணும்னு நெனச்சுத்தானே குடுத்தேன். உன் லோரிக்கு அதான் மருந்துன்னு நெனச்சு என் மரத்தப் பட்டினி போட்டேன். கடையில வாங்குற உரம் வெலை ஏற ஏற, பிடியக் கொறச்சுக் கொறச்சுப் போட்டேன்."

"எனக்குத் தெரியலண்ணே."

"அது சரி. எனக்கும்தான் தெரியல." அவர் குரல் கொஞ்சம் ஏறியது. "ஆனா ரெண்டு மாசமா நல்லாருக்கு நல்லாருக்குன்னியே. மரத்துக்கிட்ட சொன்னாதான் புரியாது. எனக்குச் சொன்னா புரியாதா?"

நான் அடுத்த மூட்டையை இறக்கினேன். அவர் மனைவி உள்ளேயிருந்து இரண்டு கோப்பைத் தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தபடி உள்ளே போய்விட்டார்.

மூட்டைகளைப் பிரித்து மரத்தடியில் போட்டோம். ஆனால் வாழை உடனே கேட்காது. புதுக் குருத்து ஒவ்வொன்றாகத்தான் வரும். இலை பழையபடி விரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார் அண்ணன். புரட்டாசிக்கு இருந்தது மூன்று வாரம்தான். அக்காவிடம் அவகாசம் கேட்க வேண்டும். யார் கேட்பது?

"நீ போய்ச் சொல்லு," என்றார் அண்ணன்.

நான் காலால் மண்ணைத் தேய்த்தேன்.

"இவனப் பாரு. இப்ப என்கிட்ட இவ்வளவு பேசினியே."

அது ஒரு வருடத்துக்குச் சேர்த்து வைத்த பேச்சு, தீர்ந்துபோய்விட்டது என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஓரிடத்தில் இருப்பதை ஏற்றி இன்னோர் இடத்தில் இறக்குவது. "அண்ணே, செவ்வாக்கிழமை நீங்களே இலையோட வந்துருங்க," என்றேன்.

செவ்வாய் காலையில் அவர் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, திருநீறு பூசி, லோரியில் என் பக்கத்தில் ஏறினார். வழி முழுக்க அவர்தான் பேசினார். பிரிக்பீல்ட்ஸுக்கு அவர் வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்குமாம். உயரமான கட்டடங்களை எல்லாம், "இது எப்ப முளைச்சுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அக்கா கல்லாவில் இருந்தார். நான், "அக்கா," என்றேன். அதற்கு மேல் வரவில்லை. பக்கத்தில் நின்றவரைக் கையால் காட்டினேன்.

"யாரு இவரு?"

"நான்தாம்மா அந்தப் புத்தக அடையாளம்," என்றார் அண்ணன்.

அக்கா ஒரு நொடி திகைத்து, என்னை முறைத்தார். "நான் சொன்னத அப்படியேவா போய்ச் சொல்லுவீங்க?"

"ரெண்டு மாசம் சொல்லலம்மா. முந்தாநாள்தான் மொத்தமாச் சொன்னான்."

"அது உங்களுக்காவது பரவால்ல. எனக்கு, 'சரிக்கா'ங்கறதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னதில்ல."

இப்படி என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசிப் பேசி இரண்டு பேரும் ஐந்து நிமிடத்தில் பழக்கமாகிவிட்டார்கள். அக்கா அவரை உட்காரவைத்து, அவர் வெட்டிய இலையையே அவருக்கு முன்னால் போட்டார். சோறு வைத்து, பூசணிக் கூட்டு வைத்து, சாம்பார் ஊற்றினார். கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார் என்று நினைக்கிறேன். சாம்பார் சோற்றைச் சுற்றி வந்து, இலையின் ஓரத்தைத் தாண்டி, மேசை விளிம்பில் சொட்டி, தேய்த்த வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

அண்ணன் அசையவில்லை. சட்டையைப் பார்த்தார். இலையைப் பார்த்தார்.

"தெரியுதாண்ணே?" என்றார் அக்கா, இப்போது மெதுவாக.

"நல்லாத் தெரியுது."

அவர் சாப்பிட்டு முடித்த பிறகு பேசினார்கள். புழுக்கை போன கதையை அண்ணன் சொன்னபோது அக்கா கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு மாசம் எனக்கு யாரு தருவா? புரட்டாசி எனக்காகத் தள்ளிப் போகுமா?" என்று கேட்டார். அண்ணன், இரண்டு இலையை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிப் போடுங்கள், ஒன்றுக்குக் கொடுத்தால் போதும் என்றார். அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் மரம் இளைத்திருக்கும்போது இரண்டு மடங்கு வெட்டினால் அப்புறம் மரமே இருக்காது என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை, அண்ணனுக்கும் தோன்றியிருக்காது. கடைசியில் அக்காவே ஒரு முடிவு சொன்னார். புரட்டாசிக்குப் பாசார் போரோங் இலை எடுப்பார். அண்ணனிடம் பாதிதான் வாங்குவார், பொட்டலம் கட்டுவதற்கு. தை முடிகிற வரைக்கும் பார்ப்பார். அதற்குள் இலை விரிந்தால் பழையபடி. விரியாவிட்டால் யாரும் யாரிடமும் வருத்தப்படக் கூடாது.

"காய்த்தோல் வழக்கம்போல எடுத்துட்டுப் போங்க," என்றார் என்னிடம். "ஆடு என்ன பாவம் பண்ணுச்சு?"

மேரு பாக்கி இருந்தது. தவுக்கேக்குக் கொடுக்க இப்போது என்னிடம் ஒன்றுமே இல்லை. அடுத்த சனிக்கிழமை போய், கால் மணி நேரம் டயரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒருவழியாகக் கேட்டேன். "தவுக்கே, உங்களுக்கு நெசமா என்ன வேணும்?" வாழ்க்கையில் யாரிடமும் நான் கேட்காத கேள்வி அது.

அவர் யோசித்தார். "வெள்ளிக்கிழமை அந்த பிரிக்பீல்ட்ஸ் சோறு ரெண்டு பொட்டலம் கொண்டா," என்றார்.

"ரெண்டா?"

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. உக்காந்து சாப்பிடணும். எறக்கிட்டு ஓடக் கூடாது. தனியா சாப்பிட்டு அலுத்துப் போச்சு."

இதை மகளின் படத்தில் எப்படி வரைவது என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குப் பட்டறையில் காலி எண்ணெய் டின்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவர் ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பார். ஈப்போவிலிருந்து வந்த பேரப்பிள்ளையின் படங்களைக் கைப்பேசியில் காட்டுவார். நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். லோரி பின்னால் ஜாக்கில் நிற்கும்.

தீபாவளிக்குள் இலை கொஞ்சம் தேறியது. கிறிஸ்துமஸ் சமயம் மழையும் சேர்ந்துகொண்டு, குருத்துகள் தடித்து வந்தன. இப்போதெல்லாம் அக்காவும் அண்ணனும் நேராகப் போனில் பேசிக்கொள்கிறார்கள். மரத்தைப் படம் எடுத்து அனுப்பு என்று அக்கா கேட்க, அண்ணனுக்கு அது தெரியாமல், ஒவ்வொரு தடவையும் தன் கட்டைவிரலைத்தான் அனுப்புகிறாராம். நான் நடுவில் இல்லாமலே பேச்சு நடக்கிறது. முதலில் கொஞ்சம் பயமாக இருந்தது. பிறகு யோசித்தேன், இலை போனில் போகாது.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை, அக்கா கட்டைப் பிரித்தார். மேலிருந்து எடுக்கவில்லை, நடுவில் கைவிட்டு ஒன்றை உருவினார். மேசையில் விரித்து, ஒரு பக்கம் தள்ளி நின்று பார்த்தார். வேலை செய்கிற பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம், "மாசியிலேருந்து பாசார்க்காரன வர வேணாம்னு சொல்லிட்டேன். அந்த அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் போன் பண்ணமாட்டேன்," என்றார்.

வேண்டுமென்றேதான் சொன்னார்.

லோரியில் ஏறி உட்கார்ந்து, இஞ்சினைக் கிளப்பாமல், அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, இலை நல்லாருக்குன்னு அக்கா சொன்னாங்க. மாசியிலேருந்து முழுசா நம்ம இலைதான்," என்றேன்.

"இது அவங்க சொன்னதா, நீ சொல்றதா?" என்று கேட்டார்.

"அவங்க சொன்னதுண்ணே. சத்தியமா."

ஆடு ஒன்று கத்துவது கேட்டது. அவர் அதை ஏதோ அதட்டினார். பிறகு, "சரி. செவ்வாய்க்கிழமை கொஞ்சம் வெள்ளனே வா. கட்டு கூட இருக்கும், ஏத்த நேரமாகும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இந்த வருடம் சீனப் பெருநாள் பிப்ரவரியில் வந்திருக்கிறது, விடுமுறை. மேருவில் எல்லாம் பூட்டிக் கிடக்கிறது, தவுக்கே ஈப்போ போயிருக்கிறார், லோரி வாசலில் நிற்கிறது. அதனால் எழுத நேரம் கிடைத்தது.

பண்டமாரான்,
11 பிப்ரவரி 2024, ஞாயிற்றுக்கிழமை.